வாசகர் கேள்வி பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின் ஆக்சிலிலிருந்து வரும் சத்தங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் டிஃபரன்ஷியலிலிருந்து (எஞ்சினின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) எழும் ஊளை, உறுமல், 'டொக்' என்ற இடி ஆகியவற்றைப் பற்றி வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் ஓவர்டிரைவ் (கியர் பாக்ஸின் பின்னால் உள்ள, எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர்) வசதியுள்ள 1970-ஆம் ஆண்டு எம்ஜிபி கார் இருக்கிறது. மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்புறத்திலிருந்து ஊளையிடுவது போன்ற சத்தம் எழுகிறது. 95-ஐ நெருங்கும்போது அது மங்கிவிடுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடனே நின்றுவிடுகிறது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுனையும் (பெரிய பற்சக்கரம்) பினியனையும் (அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம்) மாற்றியே ஆக வேண்டும் என்று பணிமனையில் சொல்கிறார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று நான் எப்படி உறுதி செய்துகொள்வது?

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. டிஃபரன்ஷியல் விஷயத்தில், சத்தம் எவ்வளவு பெரிது என்று கேட்பதால் அதிகப் பயன் இல்லை. எந்த நிலையில் தொடங்குகிறது, எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்டால்தான் காரணம் பிடிபடும். கவனிக்க வேண்டிய நிலைகள் நான்கு: ஆக்சிலேட்டரை மிதித்து வண்டி இழுக்கும் நிலை, காலை எடுத்துவிட்டபின் வண்டி எஞ்சினைத் தள்ளிக்கொண்டு ஓடும் நிலை, வேகம் ஏறாமலும் இறங்காமலும் மிதியை ஒரே அளவில் பிடித்திருக்கும் நிலை, வளைவில் திரும்பும் நிலை. இழுக்கும்போது கிரவுன் பல்லின் ஒரு பக்கமும், காலை எடுத்தால் அதன் மறுபக்கமும் சுமை தாங்குகின்றன. ஆகவே காலை எடுத்ததும் ஊளை நின்றுவிடுகிறது என்றால், இழுவைப் பக்கத்துப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் ஏதோ பிசகு இருக்கிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு. டயர் சத்தத்துக்கு உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. சாலையின் மேற்பரப்பு மாறினால்தான் அது மாறும். சக்கர பேரிங்கும் ஏறத்தாழ அப்படித்தான். காலுக்குப் பெரிதாக மசியாது, ஆனால் காலியான சாலையில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஒடித்தால் சுமை ஏறும் பக்கத்தில் உறுமல் கூடும்.

இருந்தாலும், இழுவைக்குக் கட்டுப்பட்ட சத்தமெல்லாம் பின் ஆக்சிலிலிருந்துதான் வரும் என்று சொல்ல முடியாது. எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின்மேல் சாயும்போது புகைபோக்கிக் குழாய் உடற்பகுதியைத் தொட்டாலும் மிதித்தால் சத்தம் வரும், விட்டால் நின்றுவிடும். கியர் பாக்ஸும் இதே போல நாடகமாடும். இந்த இரண்டையும் விலக்க உங்கள் காரிலேயே ஓர் அருமையான கருவி இருக்கிறது, அதுதான் ஓவர்டிரைவ். சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்தில், டாப் கியரில், மிதியை அசைக்காமல் ஓவர்டிரைவைப் போட்டுப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். வண்டியின் வேகம் மாறாது. ஊளையின் சுருதி அப்படியே நின்றால் அது ஓவர்டிரைவுக்குப் பின்னால் உள்ள பாகத்திலிருந்து வருகிறது. சுருதியும் சேர்ந்து இறங்கினால் கியர் பாக்ஸையோ எஞ்சினையோ புகைபோக்கியையோ பாருங்கள். ஓவர்டிரைவ் இல்லாதவர்கள் அதே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் மாறி மாறி ஓட்டி ஒப்பிடலாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை அதே சுழற்சிக்கு உயர்த்திப் பார்ப்பதும் உதவும், ஆனால் அதில் சுமை இல்லாததால் அதை மட்டும் நம்பக் கூடாது.

காதை நம்பத் தயங்குபவர்களுக்குக் கணக்கு கைகொடுக்கும். எம்ஜிபியின் பின் ஆக்சில் விகிதம் 3.909, அதாவது பினியனில் 11 பற்கள், கிரவுனில் 43 பற்கள். டயர் ஒரு சுற்றில் சுமார் 1.9 மீட்டர் உருளும் என்று கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 11.7 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 43 பற்கள் பினியனைச் சந்திப்பதால், பல்லோடு பல் மோதும் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 500 அதிர்வுகளாக இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 377 ஆகக் குறையும். கைப்பேசியில் ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் செயலி ஒன்றை நிறுவி, பின் இருக்கைப் பக்கம் அதை வைத்து, இந்த இரண்டு வேகங்களிலும் பதிவு செய்யுங்கள். வரைபடத்தில் 500-ஐ ஒட்டி ஒரு கூர்முனை எழுந்து, வேகம் குறைந்ததும் அதே விகிதத்தில் 377-ஐ நோக்கி நகர்ந்தால், அது கிரவுன்-பினியனின் குரல்தான். வேகமானி சற்றுப் பிசகியிருக்கலாம் என்பதால் எண்கள் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். விகிதம் பொருந்தினால் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். டாப் கியரில் ஓவர்டிரைவ் இல்லாமல் ஓடும்போது எஞ்சினும் பினியனும் ஒரே வேகத்தில், 80 கிலோமீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 2750 சுற்றுகள் என்ற கணக்கில் சுழல்கின்றன. எஞ்சின் பக்கத்து அதிர்வை ஆக்சிலின் அதிர்வு என்று பலர் எண்ணிவிடுவது இதனால்தான்.

70 முதல் 95 வரை மட்டும் சத்தம் கேட்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். பற்கள் எல்லா வேகத்திலும் பாடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தச் சுருதி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு) அல்லது உடற்தகட்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் மட்டும் பெரிதாகிக் காதில் விழுகிறது.

இனி முடிவு. சீரான, பல மாதங்களாக மாறாத ஊளை என்றால், எண்ணெயின் அளவைச் சரிபார்த்துவிட்டு அப்படியே ஓட்டுங்கள் என்பதே என் யோசனை. ஊளையிடும் கிரவுன்-பினியன்கள் நீண்ட காலம் உழைப்பது உண்டு. சுருதி தடித்து உறுமலாக மாறினாலோ, முன்பு காலை எடுத்தால் நின்ற சத்தம் இப்போது நிற்காமல் தொடர்ந்தாலோ, அதை பேரிங்கின் எச்சரிக்கையாகக் கொண்டு உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். பினியன் தன் பேரிங்குகளில் தளர்ந்துவிட்டால், மிதிக்கும்போதும் விடும்போதும் அது முன்னும் பின்னும் நகர்ந்து, நன்றாக இருக்கும் பற்களையும் கெடுத்துவிடும்.

கேள்வி: டிரையம்ஃப் டிஆர்6 வைத்திருக்கிறேன். கிளட்சை விட்டு வண்டி கிளம்பும்போதும், ஓடும்போது சட்டென்று காலை எடுத்தாலும், பின்னாலிருந்து 'டொக்' என்று ஓர் இடி கேட்கிறது. ஊளையோ உறுமலோ இல்லை. டிஃபரன்ஷியலில் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான இடைவெளி கூடிவிட்டது என்கிறார் நண்பர். சரியா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஏன் என்று சிறு கணக்கால் பார்த்துவிடலாம். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே பெரும்பாலான ஆக்சில்களில் விடப்படும் இடைவெளி 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரைதான். பினியனின் பற்கள் அதன் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளியிருப்பதாக வைத்துக்கொண்டால், 0.15 மில்லிமீட்டர் இடைவெளி பினியன் ஃபிளாஞ்சில் (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து பூட்டப்படும் வட்டத் தகடு) அரை டிகிரிக்கும் குறைந்த அசைவையே தரும். இடைவெளி இரண்டு மடங்கானாலும் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. நீங்கள் ஃபிளாஞ்சைப் பிடித்துத் திருப்பும்போது பல டிகிரி ஆட்டம் தெரிந்தால், அந்த ஆட்டம் வேறு இடங்களில் சேர்ந்து வந்தது.

உங்கள் காரில் முதலில் பார்க்க வேண்டியது டிஃபரன்ஷியலை அல்ல, அதைச் சேஸியில் தொங்கவிட்டிருக்கும் இடங்களை. டிஆர்4ஏ-யின் தனித்தொங்கல் வகை (இரு பின் சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அமைப்பு), டிஆர்5, டிஆர்250, டிஆர்6 ஆகிய கார்களில் டிஃபரன்ஷியலின் ஹவுசிங் (வெளிக்கூடு), சேஸியோடு பற்றவைக்கப்பட்ட தாங்கிகளில் உள்ள நான்கு முளைகளில் மாட்டப்பட்டிருக்கிறது. வண்டி இழுக்கும்போது ஹவுசிங்கின் மூக்கு, அதாவது முன்முனை, மேலே எழும்பப் பார்க்கும், காலை எடுத்தால் கீழே இறங்கும். ஆண்டுக்கணக்கில் இந்த இழுபறியைத் தாங்கும் முன்பக்கத் தாங்கிகளில், அதிலும் வலது முன் தாங்கியில், தகடு விரிசல் விட்டுக் கிழிவது இந்தக் கார்களில் பரவலாகத் தெரிந்த குறை. வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஹவுசிங்கின் மூக்குக்கும் சேஸிக்கும் இடையே ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். ரப்பர் நசுங்குவது இயல்பு. முளையே தாங்கியோடு சேர்ந்து அசைந்தாலோ, வெல்டிங்கை ஒட்டித் துருநிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தாலோ, குறை அங்கேதான். சேறும் கிரீஸும் அப்பியிருந்தால் கோடு தெரியாது. கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். அவ்விடத்தை வெறுமனே பற்றவைத்தால் திரும்பவும் கிழியும் என்பதால் வலுவூட்டும் தகடு சேர்த்துப் பற்றவைப்பதே வழக்கம்.

அங்கே குறையில்லை என்றால், ஷாஃப்ட்டுகள் கோணம் மாறியும் சுழல இடம் தரும் மூட்டுகளான யூ ஜாயின்டுகளுக்கு வாருங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இரண்டும், இரு பக்கத்து ஷாஃப்ட்டுகளிலும் மேலும் சிலவும் உள்ளன. ஒவ்வொன்றின் இரு கவைகளையும் எதிரெதிராக முறுக்கிப் பார்த்தால் தேய்ந்தது தெரிந்துவிடும். மூட்டின் நடுவே உள்ள சிலுவை வடிவத் துண்டின் முனைகளை மூடும் குப்பிகளின் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தால் அதற்குள் கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். டிஆர்6-இல் பக்க ஷாஃப்ட்டுகளின் நீளும் ஸ்ப்ளைன்கள் (ஒன்றுக்குள் ஒன்று நழுவும் நீளவாட்டுப் பற்கள்) இழுவையில் இறுகிப் பிறகு திடீரென்று விடுபடுவதும் உண்டு. வளைவில் பின்பகுதி துள்ளுவது போல அது உணரப்படும்.

கம்பிச் சக்கரம் உள்ளவர்கள் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஹப் நகராமல் சக்கரம் மட்டும் ஆடினால், இடி ஸ்ப்ளைனில்தான் பிறக்கிறது. நிசான் 240இசட் வைத்திருக்கும் வாசகர்களும் இதே 'டொக்' பற்றி எழுதியிருந்தார்கள். அவர்கள் டிஃபரன்ஷியலின் முன்பக்க ரப்பர் தாங்கியையும் அதன்மேல் செல்லும் பட்டையையும் முதலில் பார்க்கட்டும். எம்ஜிபியில் இதே சத்தத்துக்கு மிகப் பழகிய காரணம், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு கியர்களின் பின்னாலுள்ள வாஷர்கள் தேய்வது. குழாய் வகை ஆக்சில் உள்ள எம்ஜிபியில் பின் மூடியைக் கழற்றி, ஆக்சில் ஷாஃப்ட்டுகளை உருவிவிட்டால், கிரவுனைத் தொடாமலேயே அந்த வாஷர்களை மாற்றிவிட முடியும்.

கேள்வி: பினியன் ஆயில் சீல் ஒழுகியதால் நானே மாற்றினேன். ஃபிளாஞ்சின் நட்டை நன்றாக இறுக்கிவிட்டேன். ஒழுகல் நின்றது. ஆனால் இப்போது முன்பு இல்லாத ஊளை வந்திருக்கிறது, ஹவுசிங்கின் மூக்கும் சூடாகிறது. சீல் தவறாக உட்கார்ந்திருக்குமா?

பதில்: சீல் மேல் பழி இல்லை. அந்த நட்டு ஃபிளாஞ்சைப் பிடித்து வைப்பதோடு நில்லாமல், பினியனின் இரு பேரிங்குகளும் எவ்வளவு இறுக்கத்தில் ஓட வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. பல ஆக்சில்களில் இரு பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கும் குழாய் ஒன்று உண்டு. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குகளின் இறுக்கம் உயரும். ஏற்கெனவே நசுங்கி ஓர் அளவில் நின்றிருந்த குழாயை நீங்கள் மேலும் நசுக்கிவிட்டீர்கள். இப்போது பேரிங் உருளைகள் அளவுக்கு மீறிய சுமையில் உருள்கின்றன. சூடு அதனால்தான் வருகிறது. நட்டைச் சற்றுத் தளர்த்தினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். நசுங்கிய குழாய் திரும்ப நீளாது. தளர்த்திய நட்டின் கீழ் பினியன் ஆடத் தொடங்கும்.

வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்துங்கள். புதிய நசுங்கும் குழாய் போட்டு, பேரிங்குகளைக் கழுவிப் பார்த்து, அவற்றில் நீலம் பாய்ந்த நிறமோ குழிகளோ இல்லை என்றால் மட்டும் திரும்பப் பயன்படுத்தி, பினியன் சுழலத் தேவைப்படும் முறுக்குவிசையை நுண்ணிய டார்க் ரெஞ்சால் அளந்து அமைக்க வேண்டும். உங்கள் காரின் பணிமனைக் கையேட்டில் அதற்கான அளவு தரப்பட்டிருக்கும். புதிய பேரிங்குக்கும் ஓடிய பேரிங்குக்கும் அளவு வேறு என்பதைக் கவனித்துப் படியுங்கள். இன்னும் சீல் மாற்றாத மற்ற வாசகர்களுக்கு: நட்டைத் தொடுவதற்கு முன் நட்டிலும் ஷாஃப்ட் முனையிலும் ஃபிளாஞ்சிலும் ஒரே நேர்கோட்டில் சென்டர் பஞ்ச் கருவியால் புள்ளி குத்துங்கள். வெளியே தெரியும் மரைகளை எண்ணுங்கள். பினியன் சுழல எடுத்துக்கொள்ளும் விசையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது நட்டு அதே புள்ளிக்கு வந்து நிற்க வேண்டும். நசுங்கும் குழாய்க்குப் பதிலாகத் திடமான குழாயும் ஷிம்களும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) உள்ள ஆக்சில் என்றால் இவ்வளவு அச்சம் தேவையில்லை. நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினால் போதும்.

சீல் ஏன் ஒழுகியது என்றும் பாருங்கள். ஆக்சிலின் மேலே உள்ள காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், எண்ணெய் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறிப் புதிய சீலையும் அது வெளியே தள்ளும்.

கேள்வி: பேரிங்குகள் உறுமியதால் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் புதிய பேரிங்குகள் போட்டார்கள். பற்கள் நன்றாக இருந்ததால் பழைய கிரவுன்-பினியனையே பயன்படுத்தினார்கள். உறுமல் போய்விட்டது, ஆனால் ஊளை வந்துவிட்டது. பணிமனையின் பிழையா?

பதில்: பிழையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பேரிங்குகள் மெல்ல மெல்லத் தேயும்போது பினியன் தன் இடத்திலிருந்து நூலிழை அளவு நகர்கிறது. பற்களும் அந்தப் புதிய இடத்துக்கேற்ப ஒன்றையொன்று தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்கின்றன. புதிய பேரிங் போட்டதும் பினியன் பழைய சரியான இடத்துக்குத் திரும்புகிறது. ஆனால் பற்கள் வேறு இடத்தில் பழகியிருக்கின்றன. அளவுகள் எல்லாம் கையேட்டின்படி இருந்தும் ஊளை கேட்பது இதனால்தான். நன்றாக ஓடும் பழைய டிஃபரன்ஷியலைச் சும்மா பிரித்துப் புதுப்பிக்கக் கூடாது என்று இத்துறையில் மூத்தவர்கள் பிடிவாதமாகச் சொல்வதற்கும் இதுதான் காரணம். நானும் அந்தக் கட்சியே.

ஆனாலும் பணிமனையிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பற்களின் மீது குறிச்சாயம் பூசிப் பார்த்தார்களா? கிரவுனின் சில பற்களில் மஞ்சள் அல்லது நீலச் சாயத்தை மெல்லிதாகப் பூசி, கிரவுனை லேசாகத் தடுத்துப் பிடித்தபடி பினியனை இருபுறமும் பலமுறை சுழற்றினால், பல் தொட்ட இடத்தில் சாயம் அழிந்து ஒரு நீள்வட்டத் தடம் பிறக்கும். அந்தத் தடத்தைப் படிப்பதே இந்தத் தொழிலின் சாரம். தடம் பல்லின் உயரத்தில் நடுவிலும், நீளத்தில் நடுவிலோ உள்முனையை நோக்கிச் சற்றுத் தள்ளியோ இருந்தால் நல்லது. சுமை ஏறும்போது அது தானாக வெளிமுனைப் பக்கம் விரியும். தடம் பல்லின் உச்சியை ஒட்டி ஏறியிருந்தால் பினியன் கிரவுனின் மையத்திலிருந்து விலகி நிற்கிறது. பல்லின் அடிவாரத்தில் இறங்கியிருந்தால் மையத்தை மிகவும் நெருங்கிவிட்டது. இரண்டுக்கும் மருந்து பினியன் தலைக்குப் பின்னால் உள்ள ஷிம்மின் கனம்தான். தடம் உயரத்தில் சரியாக இருந்து, நீளவாக்கில் மட்டும் வெளிமுனைக்கு ஓடியிருந்தால் கிரவுன் விலகியிருக்கிறது என்றும், உள்முனையில் முடங்கியிருந்தால் கிரவுன் நெருங்கியிருக்கிறது என்றும் கொள்ளலாம். அப்போது பக்க பேரிங்குகளின் ஷிம்களை ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்றி, இடைவெளியை டயல் கேஜால் அளந்து திருத்துவார்கள். அந்த இடைவெளியைக் கிரவுனின் நான்கைந்து இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். இடத்துக்கு இடம் அளவு கணிசமாக மாறினால் கிரவுன் தன் இருக்கையில் நேராக உட்காரவில்லை. பெரும்பாலும் அடியில் சிக்கிய ஒரு பிசிறோ அழுக்கோதான் காரணமாக இருக்கும்.

இந்தச் சோதனையைச் செய்திருந்தால், தடம் பதிந்த பற்களின் புகைப்படம் பணிமனையில் இருக்க வாய்ப்புண்டு. கேட்டு வாங்கிப் பாருங்கள். தடம் நடுவில் இருந்தும் ஊளை வருகிறது என்றால் பழகிய பற்கள்தான் காரணம். அதற்குப் புதிய கிரவுன்-பினியன் ஜோடியைத் தவிர வேறு தீர்வு கிடையாது.

கேள்வி: வழுக்குக் கட்டுப்பாடுள்ள டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) கொண்ட ஜாகுவார் இ-டைப் என்னுடையது. எண்ணெய் மாற்றியபின், மெதுவாக முழு வளைவு திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிர்கிறது. நேராக ஓடினால் எதுவும் இல்லை.

பதில்: நேராக ஓடும்போது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு கியர்களும் கிளட்ச் தட்டுகளும் ஒன்றோடொன்று அசைவதில்லை, ஒரே கட்டியாகச் சுற்றுகின்றன. திரும்பும்போதுதான் அவை நழுவ வேண்டும். நழுவும்போது தட்டுகள் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நடுங்குவதே நீங்கள் கேட்கும் கடகடப்பு. இத்தகைய கிளட்ச் தட்டு வகைக்கு உராய்வைத் தணிக்கும் சேர்மானம் கலந்த எண்ணெய் வேண்டும். உங்களுக்குச் சாதாரண ஹைப்பாய்டு எண்ணெய் ஊற்றப்பட்டிருக்க வேண்டும். பொருத்தமான எண்ணெயை நிரப்பி, காலியான திடலில் மெதுவாக எட்டு வடிவில் பலமுறை ஓட்டினால் தட்டுகளுக்கிடையே அது ஊறிச் சத்தம் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் தட்டுகளைப் பார்க்க வேண்டும்.

கூடுதலாக ஒன்று. இ-டைப்பில் பின் பிரேக் தட்டுகள் சக்கரத்தருகே இல்லாமல் டிஃபரன்ஷியலை ஒட்டியே உள்ளன. பிரேக்கின் சூட்டில் பக்க சீல்கள் காய்ந்து விறைத்துப் போய், எண்ணெய் பிரேக் தட்டின்மேல் கசியும். எண்ணெய் குறைந்ததால் வரும் சத்தத்தை முந்திக்கொண்டு பிரேக் பிடிக்காமல் போவதே அங்கு பெரிய ஆபத்து. ஆகவே வண்டியின் அடியில் நுழையும்போதெல்லாம் அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள்.

கேள்வி: பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, கியரில் ஓடவிட்டு, ஸ்டெதஸ்கோப்பால் கேட்டுப் பார்க்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் உயிருக்கு உலை வைக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள். இரண்டு பின் சக்கரங்களும் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும், வண்டி ஜாக்கியில் அல்லாமல் ஸ்டாண்டுகளில் நிற்க வேண்டும், முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட்டிருக்க வேண்டும். வழுக்குக் கட்டுப்பாடுள்ள டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஓடவிட்டால், தரையில் உள்ள சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து பாய்ச்சிவிடும். சாதாரண டிஃபரன்ஷியலிலும் ஒற்றைச் சக்கரத்தை ஓடவிடக் கூடாது. கிரவுனைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அது சுழலும். உள்ளே உள்ள சிறு கியர்கள் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தனித்தொங்கல் உள்ள கார்களில் சக்கரங்கள் கீழே தொங்கினால் பக்க ஷாஃப்ட்டுகள் கோணலாகி இல்லாத சத்தத்தை எழுப்பும். ஆகவே தொங்கல் கைகளின் கீழ் தாங்கல் கொடுத்து, சாலையில் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தச் சோதனையில் பற்களின்மேல் சுமை இல்லாததால் ஊளையைப் பற்றி இது அதிகம் சொல்லாது. பேரிங்குகளை இனம்காண உதவும். ஸ்டெதஸ்கோப்பின் முனையை ஹவுசிங்கின் மூக்கிலும், இரு பக்க பேரிங்குகளின் மேலும், சக்கரத்தருகிலும் மாற்றி மாற்றி வையுங்கள். பினியன் சக்கரத்தைவிட நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் பேரிங் கெட்டால் நெருக்கமான கரகரப்பு கேட்கும். பக்க பேரிங்கின் குரல் அதைவிடத் தாழ்ந்து, உருட்டும் தன்மையோடு இருக்கும். 'டக், டக்' என்று விட்டு விட்டு வரும் சத்தத்தை எண்ணிப் பார்ப்பதும் பயனுள்ளது. எம்ஜிபி போன்ற காரில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஒன்றரை முறை வந்தால் அது சக்கரத்தோடு அல்லது கிரவுனோடு சுற்றும் குறை; நொடிக்கு ஏறத்தாழ ஆறு முறை வந்தால் பினியனோடு சுற்றும் குறை. பினியனில் ஒரு பல் உடைந்திருப்பதை ஆக்சிலைப் பிரிக்காமலே இப்படிக் கண்டுபிடிக்க முடியும்.

கேள்வி: வடித்த எண்ணெயில் பளபளப்பான துகள்கள் இருந்தன. பயப்பட வேண்டுமா?

பதில்: காந்த முனையுள்ள அடைப்பானில் சாம்பல் நிறத்தில் பசை போல அப்பியிருப்பது இயல்பான தேய்மானம்; துடைத்துவிட்டுப் பூட்டலாம். விரலிடுக்கில் தேய்க்கும்போது நெருடும் செதில்கள் என்றால் பேரிங்கின் அல்லது பல்லின் மேற்பரப்பு உரிந்திருக்கிறது. மூடியைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள்கள் வாஷர்களிலிருந்து வந்தவை. எண்ணெய் மாற்றும் எல்லோருக்கும் ஒரு முன்னெச்சரிக்கை: வடிக்கும் அடைப்பானைக் கழற்றுவதற்கு முன், நிரப்பும் அடைப்பான் கழலுகிறதா என்று பார்த்துவிடுங்கள். எண்ணெயை வடித்துவிட்டு, மேலே உள்ளது துருப்பிடித்து அசைய மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

கேள்வி: பயன்படுத்திய டிஃபரன்ஷியல் ஒன்றை வாங்கப் போகிறேன். ஓட்டிப் பார்க்க வழியில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். அதில் நார் போன்றதோ மரத்தூள் போன்றதோ மிதந்தால், ஊளையை அடக்கி விற்கும் பழைய தந்திரம் அது. அந்த ஹவுசிங்கை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஃபிளாஞ்சை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். சுழற்சியில் சிறிது ஆட்டம் இருக்கலாம், ஆனால் மேல்கீழ் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. பினியனைக் கையால் மெதுவாகச் சுழற்றும்போது ஒரே சீரான தடை உணரப்பட வேண்டும். மணல் கலந்தது போன்ற நெருடலோ, ஓரிடத்தில் மட்டும் இறுகுவதோ கூடாது. இழுவைப் பக்கத்துப் பற்களில், அதாவது கிரவுன் பல்லின் குவிந்த பக்கத்தில், குழிகளும் கீறல்களும் நீலம் பாய்ந்த நிறமும் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிரவுனிலும் பினியனிலும் பொறித்துள்ள ஜோடி எண்கள் ஒத்துப்போக வேண்டும். அவை தொழிற்சாலையில் ஒன்றாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. வேறு வேறு ஜோடியிலிருந்து எடுத்துச் சேர்த்தால், விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் ஊளையிடும்.

விகிதத்தையும் சரிபாருங்கள். மூடி திறந்திருந்தால் பற்களை எண்ணிவிடலாம். திறக்க முடியாத நிலையில் சாதாரண டிஃபரன்ஷியல் என்றால், ஒரு பக்கத்து ஷாஃப்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நான்கிற்கு மயிரிழை குறைவாக வந்து நின்றால் அது 3.909; மூன்றரையை ஒட்டி நின்றால் வேறு காருக்கானது. வாங்கி மாட்டினாலும் வேகமானி தப்பாகவே காட்டும்.